பாப் ஸ்மியரா, எச்பிவி டெஸ்டா, விஐஏவா?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க நம் ஊரில் மூன்று வழிகள் உண்டு. அரசு மருத்துவமனைகளில் அமிலம் தொட்டுக் கண்ணால் பார்த்துச் செய்யும் விஐஏ, பல வருடமாகப் பழக்கத்தில் இருக்கும், செல்களைச் சோதிக்கும் பாப் ஸ்மியர், அப்புறம் இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி வைரஸைத் தேடும் எச்பிவி டிஎன்ஏ டெஸ்ட். நாற்பதைத் தாண்டியதும் நான் எச்பிவி டெஸ்ட்தான் எடுத்துக்கொண்டேன். செலவு கட்டுப்படியாகும் என்றால் தோழிகளுக்கும் அதையேதான் சொல்கிறேன்.

இந்தப் புற்றுநோய் திடீரென்று வருவதில்லை. எச்பிவி வைரஸ் உடம்பை விட்டுப் போகாமல் தங்கி, செல்கள் மாறி, புற்றுநோயாக முற்ற பெரும்பாலும் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். நடுவில் பிடித்துவிட்டால், மாறிய செல்களை உறையவைத்து அழிக்கும் கிரையோ அல்லது கம்பி வளையத்தால் வெட்டியெடுக்கும் லீப் சிகிச்சையோடு முடிந்து, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். கர்ப்பப்பை வாயைத் தாண்டிப் பக்கத்துத் திசுக்களுக்குப் பரவிய 2பி நிலைக்கு வந்துவிட்டால் ஏறக்குறைய ஐந்து வாரம் ரேடியேஷன், கூடவே வாரா வாரம் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து, பிறகு கதிர்வீச்சை உள்ளே வைத்துக் கொடுக்கும் பிராக்கிதெரபி என்று அது வேறு பாதை.

பாப் ஸ்மியரில் கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களைச் சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறார்கள். எடுத்தவரின் கை, பார்த்தவரின் கண் இரண்டையும் பொறுத்தது. ஒரே ஒரு தடவை எடுத்தால் கணிசமான பேரைத் தவறவிட்டுவிடும். அதனால்தான் மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்கச் சொல்கிறார்கள். முதல் தடவை தப்பியது அடுத்த தடவை மாட்டும் என்ற கணக்கு.

என்னை முடிவெடுக்க வைத்தது இந்தக் கணக்குதான். பின்லாந்திலும் பிரிட்டனிலும் முறை வந்ததும் வீட்டுக்குக் கடிதம் வரும். அங்கே பாப் ஸ்மியர் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. நமக்கு அப்படி யார் நினைவூட்டுகிறார்கள்? பிள்ளைக்குப் பரீட்சை, மாமியாருக்குக் கண் ஆபரேஷன், தீபாவளி என்று தள்ளிப்போட்டு, முதல் ரிப்போர்ட் பீரோவில் கிடக்க, இரண்டாவது தடவை போகாத பெண்களை என் சொந்தத்திலேயே எனக்குத் தெரியும். திரும்பத் திரும்பப் போனால்தான் பலன் என்கிற டெஸ்ட், திரும்பப் போக முடியாதவளுக்கு அரைப் பாதுகாப்புதான்.

எச்பிவி டெஸ்ட் செல்கள் மாறும்வரை காத்திருக்காமல் வைரஸையே தேடுகிறது. அது இல்லை என்று வந்தால் அடுத்த சில வருடங்களில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. அதனால் உலக சுகாதார நிறுவனம் 2021-இல் 30 வயதிலிருந்து 5 முதல் 10 வருட இடைவெளியில் இந்த டெஸ்டை எடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1.3 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2009-இல் வெளியானது. ஒரே ஒரு தடவை எச்பிவி டெஸ்ட் செய்த குழுவில், இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் பரிசோதனை இல்லாத குழுவைவிட ஏறக்குறைய பாதிதான். பாப், விஐஏ குழுக்களில் அப்படிச் சொல்லும்படியான குறைவு தெரியவில்லை. கிராமத்துப் பெண்களிடம், ஒரே தடவையில் கிடைத்த பலன் இது.

அதற்காக விஐஏவை ஒதுக்கிவிட மாட்டேன். அசிட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சைத் தொட்டு வைத்து, ஒரு நிமிடம் போல காத்திருந்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று நர்ஸ் வெளிச்சத்தில் பார்ப்பார். லேப் வேண்டாம், ரிப்போர்ட்டுக்காக அலைய வேண்டாம். திண்டுக்கல் மாவட்டத்தில் நர்ஸுகளே இதைச் செய்து, தேவைப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் அன்றைக்கே கிரையோ கொடுத்தார்கள். அங்கே இறப்பு 35 சதவீதம் குறைந்ததாக 2007-இல் முடிவு வந்தது. ஆக, விஐஏவின் பலன் செய்பவரின் பயிற்சியைப் பொறுத்து ஊருக்கு ஊர் மாறுகிறது. என் அண்ணி ஊரில் இதைத்தான் செய்துகொண்டார், அவருக்கு அது சரி. ஆனால் மாதவிலக்கு நின்றவர்களுக்குப் பார்க்க வேண்டிய இடம் உள்ளே போய்விடுவதால், அம்மாவுக்கு நான் விஐஏவைச் சொல்லவில்லை.

எச்பிவி டெஸ்டின் குறை முதலில் விலை. பாப்பைவிட நன்றாகவே கூடுதல். அடுத்தது, பாசிட்டிவ் என்று வந்தால் வீட்டில் கிளம்பும் கேள்வி. உடலுறவு மூலம் பரவும் வைரஸ் என்றதும் கணவன் மனைவிக்குள் சந்தேகம் வந்துவிடுகிறது. எத்தனையோ வருடத்துக்கு முன் தொற்றியது இப்போது தெரியலாம், யார் மேலும் பழி போட அதில் ஒன்றும் இல்லை. பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்றும் அர்த்தமில்லை; பெரும்பாலான தொற்று ஓரிரண்டு வருடத்தில் தானே போய்விடும். புற்றுநோய் ஆபத்து அதிகமுள்ள 16, 18 வகை வைரஸ் என்றால் நேராகக் கோல்போஸ்கோபி, அதாவது கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனை, மற்ற வகை என்றால் பெரும்பாலும் முதலில் ஒரு பாப். இந்த அடுத்த கட்டம் எங்கே, எவ்வளவு ஆகும் என்பதை டெஸ்டுக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரியை நாமே எடுத்துக் கொடுக்கும் வசதியும் உண்டு. வைரஸின் மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் முறையில் சோதித்தால் டாக்டர் எடுப்பதற்கு ஏறக்குறைய சமமாகவே வருகிறது என்கின்றன ஆய்வுகள். நான் டாக்டரிடம்தான் கொடுத்தேன், அதனால் அனுபவமாகச் சொல்ல முடியாது. உள்ளே பார்க்க டாக்டர் வைக்கும் ஸ்பெகுலம் கருவிக்குக் கூச்சப்பட்டே போகாமல் இருப்பவர்கள் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

எச்பிவி தடுப்பூசி போட்டவர்களுக்கும் இந்தப் பரிசோதனை வேண்டும். உடலுறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருப்பவர்கள் மட்டும் இந்த மூன்றில் எது என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். டெஸ்ட் நெகட்டிவ் என்று வந்திருந்தாலும் நேராக மகப்பேறு டாக்டரிடம் காட்டுங்கள். அவர் பார்த்து, தேவைப்பட்டால் சோதிக்க ஒரு சின்னத் துண்டுத் திசுவை, அதாவது பயாப்ஸி, எடுப்பார்.