டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ்: சிறுநீரகக் கட்டியைப் பிடிக்க ரத்தப் பரிசோதனையா, எம்ஆர்ஐயா?

டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்பது பல உறுப்புகளில் கட்டிகளை உண்டாக்கும் மரபணுக் கோளாறு. அது உள்ளவர்களில் பத்தில் எட்டுப் பேர் வரைக்கும் சிறுநீரகத்தில் ஆஞ்சியோமையோலிபோமா வருகிறது. கொழுப்பு, தசை, வலுவற்ற ரத்தக்குழாய்கள் மூன்றும் கலந்த கட்டி. பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. ஆனால் குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. பெரும்பாலும் வலியில்லாமல் வளர்வதால் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினினின் ரத்த அளவை நம்பிக் கட்டியைத் தேடக்கூடாது. நல்ல திசு பாதியளவு அழிந்த பிறகுதான் அது தெளிவாக ஏறும். ஆண்டுக்கொரு முறை பார்ப்பது சிறுநீரகத்தின் செயல்திறனை அறியத்தான். கூடவே ரத்த அழுத்தமும்.

எம்ஆர்ஐக்கு உண்மையான போட்டியாளர், ரத்தத்தில் அளக்கும் விஇஜிஎஃப்-டி (VEGF-D) என்ற புரதம். கட்டி பெரிதாக இருப்பவர்களிடம் பொதுவாக இது கூடுதலாக இருக்கும். கட்டியைச் சுருக்கும் எம்டார் தடுப்பு மருந்தான எவரோலிமஸ் தொடங்கினால் இறங்கும். சிக்கல் எங்கே என்றால், பலரும் மேற்கோள் காட்டும் 800 பிகோகிராம்/மிலி என்ற எல்லை சிறுநீரகத்துக்கானதே அல்ல. நுரையீரலில் நீர்க்கட்டிகள் உள்ள பெண்ணுக்கு லாம் (LAM) என்ற நுரையீரல் நோயை பயாப்சி இல்லாமல் உறுதிசெய்ய வகுத்த எண் அது. இதே மரபணுக் கோளாறில் லாமும் வரும் என்பதால், ஒரு பெண்ணுக்கு 1,500 வந்தால் மூலம் நுரையீரலா சிறுநீரகமா என்று அந்த எண்ணால் சொல்ல முடியாது. சிறு கட்டி இருந்தும் அளவு இயல்பாக வரலாம். ஆகவே கண்டுபிடிக்க இது தோது இல்லை. ஒரே ஆளின் போக்கைத் தொடரலாம். அதற்கும் மருந்துக்கு முன் ஓர் அடிப்படை அளவு வேண்டும், பிறகும் அதே லேப், அதே வகை மாதிரி. ஒருமுறை சீரம், மறுமுறை பிளாஸ்மா என்றால் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

எம்ஆர்ஐ 1 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்க. அல்ட்ராசவுண்டில் கொழுப்புள்ள கட்டி வெள்ளையாகப் பளிச்சிடும். கொழுப்பு குறைந்தது சுற்றுத் திசுவோடு கலந்து தப்பிவிடும். புற்றுநோயோ என்ற சந்தேகத்தைக் கிளப்புவதும் இந்த வகைதான். அது ஆண்டுக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தால் பயாப்சி பற்றி யோசிக்க வேண்டும். இங்கே எந்த ரத்தக் குறியீடும் தீர்ப்புச் சொல்லாது. அறிகுறியில்லாமல் 3 செ.மீ. தாண்டி வளர்கிற கட்டிக்கு எம்டார் தடுப்பு மருந்தே முதல் தேர்வு. மயக்கம் கொடுத்தே ஸ்கேன் எடுக்கும் குழந்தைக்கு மூளையையும் வயிற்றையும் ஒரே அமர்வில் முடித்துவிடுவது நல்லது.

மருந்தில் இருக்கும்போதே விஇஜிஎஃப்-டி ஏறினால் முதலில் மாத்திரை விட்டுப்போனதா என்று கேளுங்கள். அடுத்து ரத்தத்தில் மருந்தின் அளவு. இரண்டும் சரியென்றால் அடுத்த எம்ஆர்ஐயை முன்கூட்டியே எடுங்கள்.