நாட்டுக்கோழிக் குஞ்சு "எல்லாமே பெட்டை" என்று சொன்னால் காசு கொடுக்காதீர்கள்

காரிமங்கலம், பாலக்கோடு, காவேரிப்பட்டணம் பக்கம் கோழி வளர்ப்பவர்கள் கவனிக்கவும். வண்டியில் கூடை கட்டிக்கொண்டு ஊர் ஊராக வரும் ஒரு குஞ்சு வியாபாரி என் சித்தியை நன்றாக ஏமாற்றிவிட்டார்.

சித்தி மகளிர் குழுக் கடன் வாங்கி, முட்டைக்காக 100 நாட்டுக்கோழிக் குஞ்சு எடுத்தார். கலந்து எடுத்தால் ஒன்று 40 ரூபாய், பெட்டை மட்டும் என்றால் 70. அந்த ஆள் ஒரு நாள் வயதுக் குஞ்சின் றெக்கையை விரித்து, "பாருங்கக்கா, ஒரு இறகு நீளம், ஒரு இறகு குட்டை. இது பெட்டை" என்று காட்டியிருக்கிறார். கூடுதலாகக் கொடுத்தது 3000 ரூபாய். இரண்டு மாதத்தில் பாதிக்கு மேல் கொண்டை சிவந்து, ஒன்றையொன்று கொத்த ஆரம்பித்துவிட்டன.

போன் செய்தால், "தீவனத்தை மாத்தியிருப்பீங்க, சூடு அதிகமாகி சேவலாயிடுச்சு" என்கிறார். எனக்குக் கோபம் வந்ததே இங்கேதான். குஞ்சு ஆணா பெண்ணா என்பது முட்டை கருவாகும்போதே தாய்க்கோழி வழியாக முடிவாகிவிடும். தீவனமோ சூடோ அதை மாற்றாது.

றெக்கை பார்ப்பது முழுப் பொய்யும் இல்லை, அதனால்தான் ஆட்கள் நம்பிவிடுகிறார்கள். பெரிய பொரிப்பகங்களில் இறகு சீக்கிரம் வளரும் சேவலையும் மெதுவாக வளரும் பெட்டையையும் திட்டமிட்டு இணை சேர்ப்பார்கள். அதில் பிறக்கும் பெட்டைக்குஞ்சுக்குத்தான் றெக்கையின் பெரிய இறகு மேலிறகைவிட நீண்டிருக்கும். அதையும் பொரித்த முதல் ஓரிரு நாளுக்குள் பார்த்துவிட வேண்டும். தெருவில் மேயும் நம்ம நாட்டுக்கோழி வகைகளான சிறுவிடை, பெருவிடைக்கு அப்படிப்பட்ட ஜோடி ஏது? ஆசனவாயைத் திறந்து பார்க்கும் ஜப்பானிய முறை ஒன்று உண்டு. அது நீண்ட நாள் பயிற்சி பெற்றவர்கள் வேலை; தெரியாதவர் கை வைத்தால் குஞ்சே செத்துப்போகும். கூரான முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை என்பதிலும் உண்மை கிடையாது.

பெட்டைதான் வேண்டுமென்றால் இரண்டு மாதம் தாண்டிய குஞ்சாக வாங்குங்கள். சேவலுக்குக் கொண்டையும் தாடியும் முந்தி சிவக்கும். பெருவிடைக்குக் கொண்டை சின்னது என்பதால் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். மூன்று மாத வாக்கில் கழுத்திலும் முதுகின் பின்பக்கமும் கூரான இறகு வந்தால் சேவல், நுனி வளைவாக இருந்தால் பெட்டை. விலை கூடத்தான் செய்யும், ஆனால் கண்ணால் பார்த்து எடுக்கலாம். ஒரு நாள் குஞ்சுதான் வேண்டும் என்றால் பாதி சேவல் வரும் என்று கணக்குப் போட்டு, கலப்பு விலைக்கே வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் ஓசூர் மத்திகிரியில் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது, போய்க் கேளுங்கள்.

அந்த ஆள் ரசீது தரவில்லை, இப்போது போனையும் எடுப்பதில்லை. போன வாரம் பென்னாகரம் பக்கம் அதே 70 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். அங்கே சொந்தக்காரர்கள் இருந்தால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.