எஃகு என்று சொல்லி விற்ற வைஸ் கையைக் கிழித்தது: வாங்கும் முன் படியுங்கள்

வீட்டிலேயே சின்னதாக மரவேலை செய்பவர்கள், அதிலும் மரத்தை இரண்டு இரும்புத் தாடைகளுக்கு நடுவில் இறுக்கிப் பிடிக்கும் வைஸை முதன்முதலாக இணையத்தில் வாங்க நினைப்பவர்கள், இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எனக்கு இடது உள்ளங்கையில் ஐந்து தையல். இன்னொருவருக்கு விரலே போகலாம்.

மகளுக்குப் படிக்கும் மேசை செய்துகொண்டிருந்தேன். அதுவரை பலகையைக் காலால் மிதித்துக்கொண்டுதான் அறுப்பேன். தரையில் உட்கார்ந்து கால்விரலால் மரத்தைப் பிடித்து இழைக்கும் ஆசாரிகளுக்கு அது சிறுவயதிலிருந்தே பழகிய வித்தை. எனக்கு அது வராது. அதனால் 3,450 ரூபாய் கொடுத்து ஆறு அங்குல வைஸ் ஒன்று வாங்கினேன். 'முழு எஃகு வார்ப்பு, எடை 15 கிலோ' என்று விளம்பரத்தில் இருந்தது. பெட்டியைத் தூக்கும்போதே இலேசாக இருந்தது. அன்றே எடை போட்டிருக்க வேண்டும். உடைந்த பிறகு பழைய பேப்பர் கடைத் தராசில் எல்லாத் துண்டுகளையும் சேர்த்து வைத்தேன்: 9 கிலோ 400 கிராம்.

உடைந்தது பத்தொன்பதாம் நாள். மேசைக் காலுக்கான வேப்பங்கட்டையை வைஸில் இறுக்கி, துளைக்கு உளி போட்டுக்கொண்டிருந்தேன். கட்டை கொஞ்சம் நகர்ந்ததால் கைப்பிடியை இன்னும் கால் சுற்று திருப்பிவிட்டு மறுபடி உளியை வைத்தேன். 'டப்' என்ற ஒரே சத்தம். முன்தாடை கழுத்தோடு முறிந்து விழுந்தது, கட்டை சுழன்றது, உளி கட்டையைப் பிடித்திருந்த இடது கையில் இறங்கியது.

தையல் போட்டுக்கொண்டு வந்து அந்த முறிவைப் பார்த்தபோதுதான் கோபம் வந்தது. எஃகு என்றால் முறிவதற்கு முன் வளைந்திருக்கும். இது வளையவே இல்லை. உடைந்த முகம் சாம்பல் நிறத்தில், கரடுமுரடாக, பொடிப்பொடியாக இருந்தது, சாதாரண வார்ப்பிரும்பு. அதைக்கூட மன்னித்திருப்பேன். நல்ல வைஸ்களில் பெரும்பாலானவை வார்ப்பிரும்பில்தான் வருகின்றன; தடிமனும் வார்ப்பும் சரியாக இருந்தால் ஒரு தலைமுறை உழைக்கும். மன்னிக்க முடியாதது வேறொன்று. தாடை கழுத்தோடு சேரும் உள்மூலையில், வார்க்கும்போது காற்று சிக்கிப் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு குழி விழுந்திருந்தது. அதில் பட்டி பூசி, தேய்த்து, மேலே நீலப் பெயின்ட் அடித்திருந்தார்கள். நகத்தால் கீறியபோது வெள்ளையாக உதிர்ந்தது.

அந்த மூலைதான் முழு இழுவிசையையும் தாங்க வேண்டிய இடம். வைஸை இறுக்கும்போது மரம் தாடையை வெளியே தள்ளுகிறது. தாடையின் உட்பக்க அடி இழுபடுகிறது. வார்ப்பிரும்பு அழுத்தினால் நன்றாகத் தாங்கும், இழுத்தால் அவ்வளவு தாங்காது. அங்கே குழி விழுந்த வார்ப்பை உருக்கி மறுபடி ஊற்றியிருக்க வேண்டும். பட்டி பூசியவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

விற்றவரிடம் படங்களோடு புகார் அனுப்பினேன். "கைப்பிடியில் பைப் மாட்டி இறுக்கியிருப்பீர்கள்" என்று பதில் வந்தது. பைப் மாட்டினால் நல்ல வைஸும் உடையும். அதைச் செய்யக்கூடாது, நான் செய்யவும் இல்லை. அடுத்த பதில், "திருப்பி அனுப்பும் பத்து நாள் முடிந்துவிட்டது." பலர் இந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். அந்தப் பத்து நாள் அவர்கள் வைத்துக்கொண்ட கணக்கு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளுக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளென்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இணைய விற்பனைக்கான 2020 விதிகளின்படி புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இந்த இரண்டையும் குறிப்பிட்டு எழுதினேன். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்தேன். முதலில் பாதிப் பணம் தருகிறோம் என்றார்கள், மறுத்தேன். நான்காவது வாரம் முழுத் தொகையும் வந்தது. மருத்துவச் செலவைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

வைஸ் வாங்குபவர்கள் முடிந்தவரை கடைக்குப் போய் வாங்குங்கள். ஒரு சின்னக் காந்தத்தைக் கையோடு கொண்டுபோய்த் தாடையின் உள்மூலையில் வைத்துப் பாருங்கள். மற்ற இடங்களில் கவ்விப் பிடித்து அங்கே மட்டும் தளர்ந்து ஒட்டினால் பெயின்டுக்கு அடியில் பட்டி இருக்கிறது. இரண்டு தாடைகளுக்கு நடுவில் இரு ஓரங்களிலும் காகிதத் துண்டு வைத்து மூடி இழுங்கள். ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் நழுவினால் தாடை கோணல். இணையத்தில்தான் வாங்க முடியும் என்றால், வந்த அன்றே எடை போட்டு, தராசோடு படமெடுத்து வையுங்கள்.

மேசை நின்றுபோகவில்லை. பக்கத்துத் தெரு ஆசாரி ஐயா என் கைக்கட்டைப் பார்த்துவிட்டு, மறுநாள் இரண்டு ஆப்புகளோடு வந்தார். பழைய கதவுப் பலகை ஒன்றில் இரண்டு சட்டங்களைத் திருகாணி போட்டு இறுக்கினோம். நடுவில் கட்டையை வைத்து, மிச்ச இடைவெளியில் ஆப்புகளை எதிரெதிராகச் செருகினார். ஆறு அங்குல நீளத்துக்கு ஓர் அங்குலச் சரிவு, இரண்டுக்கும் ஒரே சரிவு. எதிரெதிராக நுழைவதால் வெளிப்பக்கங்கள் இணையாகவே இருந்து, கட்டை முழுவதும் ஒரே சீராக அழுந்துகிறது. "மெதுவாகத் தட்டு தம்பி, ஓங்கி அடிக்காதே" என்றார். இரண்டு தட்டில் கட்டை அசையாமல் நின்றது. எடுக்க வேண்டுமானால் ஆப்பின் சின்ன முனையில் ஒரு தட்டு. சட்டம் கட்டையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். இல்லாவிட்டால் இழைப்புளி சட்டத்தில் மோதும், திருகாணியில் பட்டால் இழைப்புளியின் வாய் போய்விடும்.

நான்கு கால்களும் அந்தப் பலகையில்தான் முடிந்தன. மேசை இப்போது மகள் அறையில் இருக்கிறது. உடைந்த தாடையைப் பழைய இரும்புக்குப் போடாமல் வைத்திருக்கிறேன், ஆணையத்தில் கேட்டால் காட்ட வேண்டும். மருத்துவச் செலவுக்கான மனு தயாராகிறது. நேற்று இரவுகூட அந்த விளம்பரத்தைத் திறந்து பார்த்தேன். அதே நீல நிற வைஸ், அதே 'முழு எஃகு', அதே 15 கிலோ.