எம்ஜிபி-க்கு 12 இஞ்ச் எலெக்ட்ரிக் ஃபேன் கிட்: ஃபேன் தேறுது, கூட வர்ற டை தேறலை

"யுனிவர்சல்" என்று பேர் போட்டு விற்கிற 12 இஞ்ச் ஸ்லிம் ஃபேன் கிட்டில், ஃபேன் நல்ல சாமான். கூட வருவதில் பாதி வேண்டாத சாமான். 1962 முதல் 1974 வரை வந்த குரோம் பம்பர் எம்ஜிபி-யை, அதாவது பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை, மனதில் வைத்து எழுதுகிறோம். 1798 சிசி, பி-சீரிஸ் என்ஜின். நம்ம அம்பாசடரில் ஓடிய 1489 சிசி என்ஜினும் இதே வம்சம்தான். அதனால் அம்பாசடரில் கை பழகிய எந்த மெக்கானிக்கும் இதைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை.

பெட்டிக்குள் இருப்பவை: 80 வாட் ஃபேன், காலுக்கு நாலு கிளிப், ரேடியேட்டர் செதிலை (குழாய்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய தகடுகளை) துளைத்துப் போடும் பிளாஸ்டிக் டை, செதிலுக்குள் செருகும் சென்சர், ஒரு ரிலே (சின்னக் கரன்டால் பெரிய கரன்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்), மெல்லிசாக ஒரு வயர் கட்டு.

வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள். கோவை காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டில் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும்போது மட்டும் டெம்பரேச்சர் முள் ஏறுகிறதா? அப்படியானால் இந்த ஃபேன் உங்களுக்குத்தான். அவிநாசி பைபாஸில் 70-ல் போகும்போதே ஏறுகிறதா? குறை ஃபேனில் இல்லை. அந்த வேகத்தில் எதிர்க்காற்றே போதும். போர் தண்ணீர் ஊற்றி ஊற்றி ரேடியேட்டர் குழாயில் உப்புப் படிந்திருக்கும், இல்லையென்றால் இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கும். அதைச் சரி செய்யாமல் ஃபேன் மாட்டினால் செலவுதான் மிச்சம்.

பழைய ஃபேனை ஏன் கழற்ற வேண்டும் என்று பம்ப்செட் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இம்பெல்லர் வேகம் இரண்டு மடங்கானால் அது இழுக்கும் பவர் எட்டு மடங்கு. பெல்ட்டில் சுற்றும் ஃபேனுக்கும் அதே கணக்கு. ஐட்லிங்கில் காற்று வேண்டும்போது சோம்பிச் சுற்றும், 4,000 ஆர்பிஎம்மில் காற்றே வேண்டாத நேரத்தில் பவரைத் தின்னும். "ஒரிஜினாலிட்டி போயிடுமே" என்று தயங்குகிறவர்களுக்கு: 1973-ல் வந்த எம்ஜிபி ஜிடி வி8-க்குக் கம்பெனியே இரண்டு எலெக்ட்ரிக் ஃபேன் வைத்துத்தான் அனுப்பியது. கழற்றிய ஃபேனையும் போல்ட்டையும் ஒரு துணியில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள், எப்போது வேண்டுமானாலும் திரும்ப மாட்டலாம்.

கழற்றும்போது ஒரு பொறி உண்டு. ஃபேனையும் வாட்டர் பம்ப் புல்லியையும் பிடித்திருப்பது அதே நாலு போல்ட். ஃபேனை எடுத்துவிட்டு அதே போல்ட்டை முடுக்கினால் ஃபேன் இருந்த கனத்துக்கு அது நீளமாகி, உள்ளே போய் இடிக்கும் அல்லது புல்லியைப் பிடிக்காமலே நின்றுவிடும். ஃபேன் கனத்துக்கு வாஷர் போடுங்கள், அல்லது குட்டையான போல்ட் வாங்குங்கள். இது யுஎன்எஃப் (இஞ்ச் அளவு) மரை, மெட்ரிக் போல்ட்டைத் திணித்தால் மரை போய்விடும். பெல்ட் அப்படியே இருக்க வேண்டும், வாட்டர் பம்பும் டைனமோவும் (அல்லது ஆல்டர்னேட்டரும்) அதில்தான் ஓடுகின்றன. நீளமான பக்கத்தின் நடுவில் விரலால் அழுத்தினால் 13 மி.மீ. அமுங்கட்டும்.

இந்த வண்டியில் பம்புக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இடம் குறைவு. அதனால் ஃபேன் ரேடியேட்டருக்கு முன்னால், கிரில் பக்கம் உட்கார வேண்டும். ஆயில் கூலர் இருந்தால் அதன் பைப் இடிக்கிறதா என்று முதலில் அட்டையை 12 இஞ்ச் வட்டமாக வெட்டி வைத்துப் பாருங்கள். கிட் ஃபேன் பெரும்பாலும் பின்னாலிருந்து இழுக்கும் வகையில் வருகிறது. முன்னால் வைத்துத் தள்ள வேண்டுமானால், வளைந்த இறக்கையைக் கழற்றித் திருப்பி மாட்டி, வயரையும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் ஃபேன் சத்தமாகச் சுற்றும், காற்று சரியாக வராது. மாட்டி முடித்ததும் ஃபேனுக்கு முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள். தாள் ஃபேன் பக்கம் இழுபட வேண்டும். வெளியே தள்ளினால் ஓடும் வண்டியின் எதிர்க்காற்றோடு ஃபேன் மல்லுக்கட்டும்.

இப்போது அந்த டை. தயவுசெய்து மாட்டாதீர்கள். ஃபேனின் பாரம் முழுக்கச் செதிலில் தொங்குகிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் டை இம்மியளவு ஆடும், அந்த ஆட்டம் மெல்லிய பித்தளைக் குழாயை அரம் போல ராவும். முதலில் டை ஓட்டையைச் சுற்றிப் பச்சையாக ஒரு பொட்டு பூக்கும், அப்புறம் பானட்டைத் திறந்தால் கூலண்ட்டின் தித்திப்பு வாசம் வரும். அந்த இடத்தில் ஈயம் வைத்து அடைக்கக் கையும் நுழையாது. 25 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனத்தில் இரண்டு பட்டை வெட்டி, ரேடியேட்டரைப் பிடிக்கும் பக்கவாட்டு போல்ட்டிலேயே குறுக்காகக் கட்டுங்கள். ஃபேன் காலை எம்6 போல்ட், ரப்பர் வாஷர், நைலாக் நட் போட்டு அந்தப் பட்டையில் முடுக்குங்கள். கணபதியிலோ பீளமேட்டிலோ எந்த லேத்துப் பட்டறையிலும் செய்து தருகிற வேலைதான் இது. இறக்கைக்கும் செதிலுக்கும் 10 மி.மீ. விட்டு, வளையத்தைச் சுற்றி ஃபோம் ஒட்டினால் காற்று பக்கவாட்டில் ஓடாது.

செதிலில் செருகும் சென்சரும் சரியில்லை. அது செதிலின் சூட்டைச் சொல்கிறது, தண்ணீரின் சூட்டை அல்ல. அதிர்ந்து நழுவினால் ஃபேன் ஓடவே ஓடாது. மேல் ஓஸை நடுவில் வெட்டி அலுமினிய அடாப்டர் குழாய் ஒன்றைச் சொருகி, அதில் 92 டிகிரியில் போட்டு 87-ல் அணைக்கும் மரை வைத்த சுவிட்சை மாட்டுங்கள். உள்ளே 82 டிகிரி தெர்மோஸ்டாட் இருக்கட்டும். சுவிட்ச் அணையும் சூடு தெர்மோஸ்டாட் திறக்கும் சூட்டுக்கு மேலே இல்லாவிட்டால் ஃபேன் ஒருமுறை ஓட ஆரம்பித்தால் நிற்காது. ஒற்றைப் பின் சுவிட்ச் என்றால் அடாப்டருக்குத் தனியாக எர்த் வயர் கொடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் ரப்பர் ஓஸ், எர்த் எங்கிருந்து வரும்? "சுவிட்ச் போச்சு" என்று திரும்பக் கொண்டுவருவதில் நிறைய இந்த ஒரு வயர் இல்லாததுதான்.

கரன்டுக்கு வருவோம். 80 வாட் என்றால் ஓட்டத்தில் ஏறக்குறைய 7 ஆம்ப், கிளம்பும் கணத்தில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. கிட் வயர் அதற்குப் பத்தாது. 2.5 சதுர மி.மீ. வயர், 20 ஆம்ப் பியூஸ், 30 ஆம்ப் ரிலே போடுங்கள். லூகாஸ் வயரிங்கில் பிரவுன் எப்போதும் லைன், வெள்ளை இக்னிஷன், பச்சை பியூஸ் தாண்டிய இக்னிஷன், கறுப்பு எர்த். ரிலேயில் எண் போட்ட முனைகள் இருக்கும்: 30-க்கு ஸ்டார்ட்டர் சோலனாய்டில் இருக்கும் பிரவுன் முனையிலிருந்து பியூஸ் வழியாக, 87 ஃபேனுக்கு, 86 பச்சைக்கு, 85 சூட்டு சுவிட்சுக்கு. ரிலே இல்லாமல் இக்னிஷனிலிருந்து நேராக ஃபேனுக்கு இழுக்காதீர்கள். சாவியை அணைத்த பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும் ஃபேன் டைனமோ மாதிரி கரன்ட் உண்டாக்கி இக்னிஷனுக்கே திருப்பி அனுப்பும். என்ஜின் நிற்க அடம்பிடிக்கும்.

1967 கடைசிக்கு முந்தைய வண்டி என்றால் இன்னும் பெரிய விஷயம் இருக்கிறது. அது பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு சேர்ந்தது), சி40 டைனமோ. கிட்டின் சிவப்பு, கறுப்பு வயரைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றும். உள்ளே டயோடு வைத்த ரிலே புகைந்துவிடும். டைனமோ முழு வேகத்தில் கொடுப்பதே 22 ஆம்ப்தான், ஐட்லிங்கில் ஒன்றும் கொடுக்காது. அதாவது ஃபேன் எப்போது வேண்டுமோ அப்போது பேட்டரிதான் அதைச் சுமக்கிறது. சாயங்காலம் ஹெட்லைட்டும் போட்டு நெரிசலில் நின்றால் மறுநாள் காலை செல்ஃப் எடுக்காது. இந்த வண்டிகளுக்கு எங்கள் கருத்து: முதலில் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றி ஆல்டர்னேட்டர் வையுங்கள், அப்புறம் ஃபேன் வாங்குங்கள்.

எல்லாம் முடிந்ததும் வீட்டு வாசலிலேயே நிறுத்தி ஐட்லிங்கில் விடுங்கள். மேல் ஓஸ் சுடும், முள் கொஞ்சம் ஏறும், ஃபேன் போடும், சில நிமிடத்தில் அணையும். ஈரோட்டு மே மாத மதியத்திலும் இந்த விளையாட்டு மாறி மாறி நடந்தால் ரேடியேட்டர் நல்ல நிலையில் இருக்கிறது. ஃபேன் அணையவே இல்லையென்றால் மேலே சொன்ன உப்பைத் தேடுங்கள்.

கல்லாறு தாண்டி குன்னூர் ஏறுகிறவர்கள் ரேடியேட்டர் மூடியையும் பார்த்துவிடுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். நம் ஃபேன் 92-ல்தான் கண் விழிக்கிறது. 10 பிஎஸ்ஐ மூடி நன்றாகப் பிடித்தால் அந்த உயரத்திலும் கொதிநிலை 110-ஐ ஒட்டி நிற்கும். ஆரம்ப கால வண்டிக்கு 7 பிஎஸ்ஐ மூடிதான், பழைய ரேடியேட்டரில் அதற்கு மேல் ஏற்றி வைக்காதீர்கள். மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் மேட்டுப்பாளையத்திலேயே மாற்றிவிட்டு மலை ஏறுங்கள்.