மருத்துவச்சிகளுக்கான போவன் பயிற்சி: போய் வந்தவள் சொல்கிறேன்

மெல்பனில் மருத்துவச்சியாக வேலை பார்க்கிறேன். ஜீலாங் நகரத்து டாம் போவன் உருவாக்கிய தொடுசிகிச்சையை எங்களுக்கென்றே சொல்லித்தந்த வகுப்பு இது. தோலைக் கட்டைவிரலால் லேசாக நகர்த்தி, தசையின் மேல் ஒருமுறை உருட்டிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். அப்புறம் இரண்டு நிமிடம் தாயைத் தொடவே கூடாது. அழுத்தித் தேய்த்தே பழகிய கைக்கு அந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம். ஒருக்களித்துப் படுத்த கர்ப்பிணியின் இடுப்பருகே ஆசிரியை என் விரலைப் பிடித்து நகர்த்திக் காட்டினார், அருமை! பச்சைக் குழந்தைக்கு மூடிய கண்ணிமை தாங்கும் அழுத்தம் போதுமாம். ஆனால் குழந்தைப் பகுதியை அவசரமாக முடித்துவிட்டார்கள். கட்டிய பணத்துக்கு அது போதாது. குழந்தையின் வயிற்றுவலி இதனால் தீரும் என்று அடித்துச் சொல்லுமளவுக்கு ஆய்வுகள் இல்லை என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சலென்றால் முதலில் டாக்டர்தான். தாய்மாரின் இடுப்புப் பிடிப்புக்காக மட்டும் கற்பதானால் தாராளமாகச் சேருங்கள்.