நியூ போல்டன் மிதவைக் குளம்: கடினமான எலும்பு முறிவுக்கு மட்டும்

அறுவைக்குக் கொடுத்த மயக்கம் பாதி தெளிந்ததுமே எழுந்து ஓடப் பார்ப்பது குதிரையின் இயல்பு. கால் வலுப்பெறாத அந்த நிமிடத்தில்தான் உலோக பிளேட் வைத்த எலும்பு மறுபடி உடைகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையான நியூ போல்டன் மையம் இதற்குத் தந்திருக்கும் விடை அருமையானது. மயக்கத்திலேயே குதிரையைத் தூக்கி, குளத்தில் மிதக்கும், நான்கு காலுக்கும் உறை வைத்த ரப்பர் மிதவையில் இறக்குகிறார்கள். எவ்வளவு உதைத்தாலும் கால் தரையில் மோதாது. உறைக்குள் கட்டும் நனையாது. நன்றாகத் தெளிந்த பிறகே மெத்தைச் சுவர் அறைக்கு மாற்றுகிறார்கள். 2006இல் பின்னங்கால் நொறுங்கிய பந்தயக் குதிரை பார்பரோ அறுவைக்குப் பின் விழித்தது இங்கேதான்.

ஆள்பலமும் செலவும் அதிகம். தண்ணீரின் அழுத்தம் மார்பை நெருக்குவதால் மூச்சைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். படுத்த எடையில் நசுங்கும் தசையைக் குளம் காப்பாற்றாது: அறுவை மேசையிலேயே சராசரி ரத்த அழுத்தம் 70 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இறங்காமல், இதயத் துடிப்பை வலுப்படுத்தும் டோபுடமின் மருந்து கொடுத்துப் பிடிக்க வேண்டும், முகத்தைச் சுற்றிய தலைப்பட்டையையும் கழற்றிவிட வேண்டும். பட்டையைக் கழற்றாவிட்டால் முக நரம்பு அழுந்தி உதடு தொங்கிவிடும். சாதாரண அறுவைக்கு இவ்வளவு தேவையில்லை. மெத்தை அறை, அமைதிப்படுத்தும் மருந்தான சைலசின் கொஞ்சம், எழும்போது தாங்கத் தலைக்கும் வாலுக்கும் கயிறு போதும்.