விட்டுக்கொடுக்கும்படி யாரிடம் கேட்பது? ஆறு வார வேதபாட வகுப்பு ஒன்றின் மதிப்புரை

அப்போஸ்தலர் பவுல் கொரிந்து நகரச் சபைக்கு எழுதிய முதல் நிருபத்தில் (கடிதத்தில்), விக்கிரகங்களுக்குப் படைத்த உணவை உண்ணலாமா, பிறருக்காக நம் உரிமையை விட்டுக்கொடுப்பது எப்படி என்று பேசும் 8 முதல் 11 வரையுள்ள அதிகாரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, எங்கள் பக்கத்துச் சேகரத்தில் (சபை வட்டாரத்தில்) ஆறு வார வேதபாட வகுப்பு ஒன்றை நடத்தினார்கள். ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் தொடங்கிய அந்த வகுப்புக்குக் கட்டணம் எதுவும் இல்லை; 48 பக்கப் பாடக் கையேட்டுக்கு மட்டும் அறுபது ரூபாய் வாங்கினார்கள். கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவர் ஐந்து வாரங்களும், வெளியூரிலிருந்து வந்த விருந்தினர் ஒருவர் ஒரு வாரமும் பாடம் நடத்தினார்கள். இனிச் சேர நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் இதை எழுதுகிறேன். ஐந்து வாரங்களுக்காக இந்த வகுப்பை யாருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். விருந்தினர் நடத்திய அந்த ஒரு வாரத்தைக் குறித்து எச்சரிக்கவும் வேண்டியிருக்கிறது.

முதல் வாரம் முழுவதும் கொரிந்து நகரத்தைப் பற்றியே பேசினார்கள். கி.மு. 146இல் ரோமர் அழித்த அந்த நகரத்தை கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் ரோமக் குடியேற்றமாக மறுபடி நிறுவியது, இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே அது செழித்தது, பவுல் அங்கே ஒன்றரை ஆண்டு தங்கியது ஆகியவற்றைச் சொன்னபின், நோய் தீர்க்கும் கிரேக்கத் தெய்வமான அஸ்கிலேப்பியஸின் கோவில் தரைப்படத்தைச் சுவரில் மாட்டினார் ஆசிரியர். அகழ்வாய்வில் அங்கே மூன்று உணவறைகள் வெளிப்பட்டன. ஒவ்வொன்றிலும் பதினொரு பேர் சாய்ந்து உண்ண இடம் இருந்தது. கோவிலில் உண்பது என்பது அந்த ஊரில் நண்பர் வீட்டு விருந்துக்கும் தொழில் உறவுக்கும் நடுவே இருந்த ஒரு செயல் என்பதும், அதை மறுப்பவர் எதை இழந்தார் என்பதும் அந்தப் படத்தைப் பார்த்தபின்தான் எனக்குப் புரிந்தன. பல ஆண்டுகளாக இந்த அதிகாரத்தை வாசித்தும், விக்கிரகங்களுக்குப் படைத்ததைப் பற்றிய பழங்காலத்துச் சச்சரவு என்று நான் கடந்துபோயிருக்கிறேன்.

இந்த வகுப்பின் உயிர் இரண்டாம் வாரத்தில் இருந்தது. பழைய மொழிபெயர்ப்பில் 'அதிகாரம்' என்று வரும் சொல்லை இன்றைய தமிழில் 'உரிமை' என்று வாசித்துப் பார்க்கும்படி ஆசிரியர் சொன்னார். விக்கிரகம் ஒன்றுமில்லை என்று அறிந்தவர்களுக்கு உண்ணும் உரிமை உண்டு என்பதைப் பவுல் மறுக்கவில்லை. ஆனால் நேற்றுவரை அந்த விக்கிரகத்தை வணங்கியிருந்த ஒருவர், உங்களைப் பார்த்துத் தம் மனச்சாட்சிக்கு மாறாக உண்டு உள்ளே உடைந்துபோவாரானால், உங்கள் அறிவு அவரைக் கெடுத்துவிட்டது என்கிறார்.

அப்போது லேத் பட்டறையில் வேலை செய்யும் ஒரு தம்பி எழுந்தார். அவர் குடும்பத்தில் முதலாவதாக ஞானஸ்நானம் பெற்றவர் அவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆயுத பூஜையன்று பட்டறைக்கு வந்திருந்த சபைப் பெரியவர் ஒருவர் பொரிகடலையை வாங்கிச் சாதாரணமாக உண்டதைப் பார்த்துத் தாமும் உண்டதாகவும், பிறகு பல வாரங்கள் முழங்காலில் நின்று ஜெபிக்க முடியாமல் தவித்ததாகவும் சொன்னார். நான் மூன்றாம் தலைமுறைக் கிறிஸ்தவள். அலுவலகத்தில் கொடுக்கும் பொரியையும் சுண்டலையும் ஆண்டுதோறும் உண்டிருக்கிறேன், அதில் எனக்கு உறுத்தல் இருந்ததில்லை. என் உறுத்தலின்மை இன்னொருவருக்கு என்ன செய்யும் என்ற கேள்வி ஒரு முறைகூட என் மனதில் எழவில்லை என்பதுதான் அன்று எனக்கு வலித்தது.

இங்கே வகுப்பு எளிய விடையோடு நின்றுவிடவில்லை என்பதைப் பாராட்டுகிறேன். அன்போடு தட்டில் வைத்துக் கொண்டுவரும் பக்கத்து வீட்டு அக்காவின் மனதும் பிறருடைய மனம்தானே, அதை நோகடிக்கலாமா என்று ஓர் அம்மா கேட்டார். ஆசிரியர் 10ஆம் அதிகாரத்தைத் திறந்தார். கோவில் பந்தியில் அமர்வதைப் பவுல் தடுக்கிறார், கடையில் விற்பதைக் கேள்வி கேட்காமல் வாங்கச் சொல்கிறார், அவிசுவாசியின் வீட்டு அழைப்புக்குப் போனால் வைத்ததை உண்ணச் சொல்கிறார், 'இது படைக்கப்பட்டது' என்று ஒருவர் சுட்டிக்காட்டினால் அவருக்காக உண்ணாதிருக்கச் சொல்கிறார். உணவு மாறவில்லை, எதிரில் இருக்கும் மனிதர்தான் மாறுகிறார் என்று சொல்லி, அந்த அம்மாவின் கேள்விக்கு உடனே விடை தராமல், அவரவர் வாசலில் நிற்பவர் யார் என்று யோசித்து வரும்படி அனுப்பினார்.

மூன்றாம் வாரத்தில் 9ஆம் அதிகாரம். ஊழியத்தால் பிழைக்கும் உரிமையைப் போர்ச்சேவகன், திராட்சத்தோட்டக்காரன், மந்தை மேய்ப்பவன், போரடிக்கிற மாடு என்று அடுக்கடுக்காக நிறுவிவிட்டு, அந்த உரிமையை நான் பயன்படுத்தவில்லை என்கிறார் பவுல். கொரிந்துவில் ஆக்கில்லா பிரிஸ்கில்லா தம்பதியோடு கூடாரத் தொழில் செய்தார். மக்கெதோனியா நாட்டுச் சபைகளிலிருந்து வந்த உதவியை ஏற்றுக்கொண்டார். ஆனால் கொரிந்தியரிடம் வாங்கவில்லை. நான்காம் வாரத்தில் பிலிப்பியர் 2ஆம் அதிகாரத்துக்குப் போய், தேவனுடைய ரூபமாயிருந்த கிறிஸ்து தம்மை வெறுமையாக்கி அடிமையின் ரூபமெடுத்ததை வாசித்தார்கள். ரோமக் குடியுரிமையைப் பெருமையாகப் பேசிய ஒரு குடியேற்ற நகரத்துக்கு எழுதிய நிருபம் அது என்ற குறிப்பு நன்றாக இருந்தாலும், அந்த வாரப் பாடம் அவசரமாக முடிந்தது.

ஐந்தாம் வாரம் விருந்தினருடையது. குடும்பத்திலும் வேலையிடத்திலும் உரிமை பாராட்டாமல் வாழ்வது எப்படி என்பது தலைப்பு. உடன்பிறந்தவர்களிடம் சொத்தில் பங்கு கேட்கும் பெண், நிலுவைச் சம்பளத்துக்காக மனு எழுதும் ஊழியர் ஆகிய இருவரையும் எடுத்துக்காட்டாக வைத்து, உரிமை கேட்பது விசுவாசிக்கு அழகல்ல என்று அவர் முடித்தார். ஒரு பள்ளியில் ஐந்து மாதச் சம்பளம் வராமல் வேலை செய்யும் சகோதரி பின்வரிசையில் இருந்தார். 'நான் ஏற்கெனவே விட்டுக்கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஐயா. நிர்வாகிக்கு இந்தப் பாடத்தை யார் நடத்துவார்கள்?' என்று அவர் கேட்டதற்கு, ஜெபியுங்கள் என்பதுதான் பதிலாக வந்தது.

இது போதனையைத் தலைகீழாகப் பிடிப்பது என்பதை நான் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். இந்த அதிகாரங்களில் பவுல் விட்டுக்கொடுக்கச் சொல்வது அறிவும் பலமும் உள்ளவர்களிடம். பலவீனரிடம் அவர் ஒன்றையும் பிடுங்கவில்லை. 11ஆம் அதிகாரத்தில் அவர் கடிந்துகொள்வது, சபையார் கூடி உண்ணும் பந்தியில் பசியோடு வந்த ஏழைகள் வெட்கப்படும்படி முந்திக்கொண்டு உண்டவர்களை. பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்று தம் நிருபத்தில் யாக்கோபு எழுதுகிறார். கூலி கேட்டவனை அவர் கண்டிக்கவில்லை. பிலிப்பியில் விசாரணையின்றி அடிபட்டபின், இரகசியமாகப் போய்விடச் சொன்ன அதிகாரிகளைப் பவுல் நேரில் வரச்செய்தார், தாம் ரோமக் குடியுரிமை உள்ளவர் என்பதை வெளிப்படையாகச் சொன்னார். அங்கே விட்டுச்செல்லும் சின்னஞ்சிறு சபைக்கு அது ஒரு பாதுகாப்பாக அமைந்தது என்று உரையாளர் பலர் கருதுகிறார்கள். உரிமையை விடுவதும் நாடுவதும் பிறருடைய நன்மைக்காகவே என்றால், சம்பளமில்லாத சகோதரியின் மனுவில் குற்றம் காண இடமே இல்லை.

ஏற்பாடுகளைப் பற்றியும் சில சொற்கள். கையேட்டின் நகல் அச்சு மங்கலாக இருந்தது, முதியவர்கள் வாசிக்கச் சிரமப்பட்டார்கள். முதலில் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வைத்ததால் சமையலை விட்டு வர முடியாத பெண்கள் தவறவிட்டார்கள். இதைச் சொன்னபோது, ஞாயிறு மூன்று மணிக்கு மண்டபத்தில் பயிற்சி செய்யும் பாடகர் குழுவினர் அந்த நேரத்தில் மண்டபத்தை வகுப்புக்கு விட்டுக்கொடுத்து மாடி அறைக்குப் போனார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து வருகை ஏறத்தாழ இரட்டிப்பானது.

ஆறாம் வாரத்தில் ஆசிரியர் திட்டமிட்ட பாடத்தைத் தள்ளிவைத்து, அந்தச் சகோதரியை முன்னே அழைத்து, சென்ற வாரம் கேட்ட கேள்வியை மறுபடி கேட்கும்படி வேண்டிக்கொண்டார். பிறகு பிலிப்பி நிகழ்ச்சியை வாசித்தார். வகுப்பு முடிந்ததும் வீடுகளிலிருந்து கொண்டுவந்த சோற்றையும் குழம்பையும் எல்லாரும் வந்துசேரும்வரை திறக்காமல் வைத்திருந்தோம். பட்டறைத் தம்பிக்கு வேலை முடிய ஏழரை ஆயிற்று. அடுத்த வகுப்பு ஈஸ்டருக்குப் பிறகு தொடங்குகிறது. ஐந்தாம் வாரத்தை நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கான பாடமாக மாற்றும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.